அண்ணிக்கு ஒரு சவுண்ட் கார்டு

மடார்!

அலமாரிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் சமையலறைத் தட்டுகள்கூட ஒரு முறை குலுங்கி அடங்கின.

'விடுதிக் காப்பாளர் தம் பொறுப்பில் உள்ள...' என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த குரல் "ஐயோ!" என்று முடிந்தது.

அண்ணியின் கொழுந்தன் ஸ்க்ரூ ஓடிவந்து அலமாரிக் கதவைத் திறந்தான். உள்ளே மூன்று கம்பளிகள், ஒரு பழைய மெத்தை விரிப்பு, முறிந்த துணிக்கம்பி எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. குவியலின் நடுவிலிருந்து ஒரு மைக் எட்டிப் பார்த்தது. மைக்குக்குப் பின்னால் தலைமுடி கலைந்து அண்ணி.

"உயிரோட இருக்கீங்களா அண்ணி?"

"நான் இருக்கேன். ரெக்கார்டிங்தான் போய்ச் சேர்ந்துடுச்சு. இருபத்திரண்டு நிமிஷம், தம்பி! இன்னும் மூணே நிமிஷம் அந்தக் கம்பி பொறுத்திருக்கக் கூடாதா?"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் அறையிலிருந்து அத்தை, அண்ணியின் மாமியார், குரல் கொடுத்தாள். "அடி பட்டுச்சா கண்ணு?"

"இல்ல அத்தை. நீங்க படுங்க, தலைவலின்னு சொன்னீங்களே."

அண்ணி எழுந்து கம்பளியை உதறினாள். சுவரைப் பார்த்தாள். கடிகாரம் இருந்தது, முள் ஓடவில்லை. டிக் டிக் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி ஒரு வாரமாகிறது. செல்போனை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை.

நான்கு மணிக்குள் பாடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அவள் அந்த வீட்டுக்கு மட்டும் அண்ணி இல்லை. அந்தக் குடியிருப்பில் மூன்று மாடிகளிலும் அவளுக்கு அதுதான் பெயர். ஒன்பது வருடம் ஒரு பெரிய கடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். 'சிவப்புச் சட்டை போட்ட ஒரு குழந்தை இரண்டாவது மாடியில் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறது' என்று அவள் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் குழந்தையே வாயை மூடிக் கேட்கும். ஒரு நாள் அந்த இடத்தில் ஏற்கெனவே பதிவு செய்த குரலை வைத்துவிட்டார்கள். அதிலும் பாதி அவளுடைய குரல்தான். குரல் கடையில் இருந்தது. அவள் வீட்டில் இருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் நல்ல செய்தி இந்தப் பாட வேலை. விடுதிக் காப்பாளர் பயிற்சிக்கு ஒரு புத்தகம், பன்னிரண்டு பாடங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் காதில் கேட்டுக்கொள்வதற்காக அதை யாராவது வாசித்துத் தர வேண்டும். முழுப் புத்தகத்தையும் அச்செடுத்து அனுப்பி, மூன்றாம் பாடத்தை மட்டும் மாதிரிக்கு வாசித்துத் தரச் சொன்னார்கள். அது பிடித்துப்போனால் மீதி பதினொன்றும் அவளுக்கு.

இரண்டு முறை அனுப்பினாள். இரண்டு முறையும் திரும்பி வந்தது. குரல் அருமை, பின்னணியில் இரைச்சல் என்று எழுதியிருந்தார்கள். போன வாரம் வந்த இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'மூன்றாவது முறையும் இப்படியே இருந்தால் வேறு குரலைத் தேட வேண்டியிருக்கும்.'

வீட்டில் என்னென்ன நிறுத்தலாமோ எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. ஃபிரிட்ஜ், மின்விசிறி, கடிகாரம். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டினார்கள். அத்தை, மகராசி, ரெக்கார்டிங் என்றாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு தும்மல் கூட வெளியே வராது. இருந்தும் இரைச்சல் இருந்தது.

கடைசியில் மிச்சமிருந்தது கம்ப்யூட்டர். அங்கேதான் வந்தது வம்பு.

அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, அண்ணன் கல்யாணத்துக்குத் தன் கையால் செய்து கொடுத்தவன் ஸ்க்ரூ. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சட்டைப் பையில் பேனா இருக்காது. ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், பெயரும் அதனால் வந்ததுதான். நான்கு நாளைக்கு முன்னால் சாப்பிடும்போது அண்ணி, "இதுக்குத் தனியா ஒரு சவுண்ட் கார்டு போட்டா சரியாகுமோ?" என்று கேட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. இன்றைக்குக் கம்பி முறிந்ததுதான் இருவரையும் பேச வைத்தது.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றான், கம்பளியை மடித்துக்கொண்டே. "மதர்போர்டுலயே, உள்ள இருக்கற பெரிய பலகையிலயே, சத்தத்தை வாங்கற, குடுக்கற வேலையெல்லாம் இருக்கு அண்ணி. தனி கார்டெல்லாம் அந்தக் காலம். கடைக்கு வர்றவங்களுக்கு தினம் நான் சொல்றது இதுதான். பாட்டு கேக்கணுமா, படம் பாக்கணுமா, வீடியோ கால் பேசணுமா, உள்ள இருக்கறதே தாராளம்."

"கேக்கறதுக்குத் தாராளம்தான், தம்பி. நான் கேக்கலையே. பேசறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணுன்னா எனக்கு ஏன் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு?"

"அதுக்கு என் மெஷின்தான் கிடைச்சுதா? ஏழு வருஷமா ஒரு நாள் ஹேங் ஆகியிருக்குமா? கல்யாணத்துக்கு வந்த மிக்சி மூணு தடவை ரிப்பேர். அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லல!"

"மிக்சியில நான் பாடம் வாசிக்கலையேப்பா."

ஸ்க்ரூ போனை எடுத்தான். "அண்ணன்கிட்ட கேப்போம். அண்ணன் சொல்லட்டும்."

"நேத்தே கேட்டுட்டேன். வாங்கிடுன்னு சொன்னார்."

"என்கிட்ட, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னான்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேங்கர் லாரியில் முந்நூறு மைல் தள்ளி இருந்த அண்ணன், யார் கேட்டாலும் அவர்கள் பக்கமே பேசி நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல் மாடி கீபோர்டு டீச்சர் உள்ளே வந்தாள். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் வால் மாதிரி தொங்கியது.

"அண்ணி கேட்டாங்கன்னு கொண்டுவந்தேன். யூஎஸ்பி சவுண்ட் கார்டு. பக்கத்துல செருகினா போதும், பெட்டியைத் திறக்கவே வேணாம்." ஸ்க்ரூவைப் பார்த்துப் புன்னகைத்தாள். "உங்களுக்கு வேலையே இருக்காது."

"ரொம்ப சந்தோஷம்" என்றான் ஸ்க்ரூ, சந்தோஷமே இல்லாமல்.

"ரெண்டரை மணிக்கு எனக்கு ஆன்லைன் கிளாஸ். அதுக்குள்ள என் கைக்கு வந்துடணும். இல்லேன்னா எட்டுப் பிள்ளைங்க ஊமைப்படம் பாக்கும்."

அவள் போனதும் அண்ணி மேஜைமேல் அந்தப் பெட்டியை வைத்தாள். அதைத் தொடவில்லை.

"தம்பி, நீ இல்லாம இதைச் செருக மாட்டேன். உன் மெஷின். நீயே சோதிச்சுப் பாரு. வேணாம்னு தெரிஞ்சா நீ சொல்றதுதான்."

அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி. யாரும் பேச வேணாம். வெறும் அறையை ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுவோம். எங்க இரைச்சல் கம்மியோ அதுதான் நல்லது. நியாயம்தானே?"

"நியாயம்."

முதலில் மைக்கை எப்போதும்போல் முன்பக்க ஓட்டையில் செருகினான். ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்துக் கேட்டார்கள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்...' என்று ஒரு நீண்ட சீறல். அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். நடுநடுவே 'கிர்ர், கிர்ர்' என்று எதையோ பிராண்டுகிற சத்தம்.

"அது என்ன கிர்ர்?"

ஸ்க்ரூ மவுஸை நகர்த்தினான். 'கிர்ர்.' நிறுத்தினான். சத்தம் நின்றது. மறுபடி நகர்த்தினான். 'கிர்ர்.'

"மவுஸ் நகர்ற சத்தம்" என்றான் தாழ்ந்த குரலில்.

"மவுஸ் மேஜைமேல நகருது. மைக் அலமாரிக்குள்ள இருக்கு."

"மேஜைச் சத்தம் இல்ல அண்ணி. உள்ள கரண்ட் ஓடற சத்தம். முன்பக்க வயர் பவர் சப்ளைக்கு மேலயே போகுது, அது இழுத்துக்குது." சட்டென்று நிமிர்ந்தான். "பின்பக்கம் செருகினா சரியாயிடும். வயர் அந்தப் பக்கம் போகாது."

பின்பக்கம் செருகினான். பிராண்டல் போய்விட்டது. முனகலும் பாதியாகக் குறைந்தது. ஸ்க்ரூவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆனால் சீறல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, தூரத்தில் யாரோ அடுப்பை மூட மறந்த மாதிரி.

"இப்ப அது" என்றாள் அண்ணி மெதுவாக.

அவன் கறுப்புப் பெட்டியைச் செருகினான். ஒரு நிமிடம் பதிவு. சத்தத்தை முழுதாகக் கூட்டினான்.

ஒன்றுமில்லை.

அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் தெரிந்தது. வெகுதூரத்தில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம். அண்ணியின் வளையல் ஒரு முறை உரசிய சத்தம். அவ்வளவுதான்.

ஸ்க்ரூ நாற்காலியில் சாய்ந்தான். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், பார்த்தான், திரும்பப் பைக்குள் போட்டான்.

அண்ணிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. கல்யாணமான புதிதில், இந்த வீட்டில் யாரோடும் ஒட்டாமல் இருந்த முதல் மாதத்தில், ஒரு அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து 'அண்ணி, உங்களுக்குன்னே செஞ்சது' என்று வைத்தவன் இவன். அதை அவள் மறக்கவில்லை.

"தம்பி, ஒரு பக்கம் வாசிச்சுப் பாக்கறேன். வெறும் அறையில நல்லா இருந்தா ஆச்சா? பேசும்போது எப்படின்னு தெரியணும்ல?"

"ம்."

அலமாரிக்கு முன்னால் நின்று மூன்றாம் பாடத்தின் நான்காவது பக்கத்தை வாசித்தாள். நான்கு நிமிடம். நடுவில் பக்கம் திருப்பும்போது காகிதம் ஒட்டிக்கொண்டது. சில வினாடிகள் நிறுத்தித் தொடர்ந்தாள்.

போட்டுக் கேட்டார்கள். அண்ணியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாக வந்தது.

அடியில் இன்னொரு குரல் வந்தது.

ஸ்க்ரூ துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா! ரேடியோ பிடிக்குது! இந்த மாதிரி சின்னப் பெட்டியெல்லாம் வயரையே ஏரியலாக்கிக்கும். என் மெஷின்ல ஏழு வருஷத்துல ஒரு பேச்சு வந்திருக்குமா?"

"கொஞ்சம் இரு. என்ன பேசுதுன்னு கேளு."

மறுபடி போட்டாள். 'ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது' என்றது அவள் குரல். அரை வாக்கியம் பின்னால், முணுமுணுப்பாக, '...நான்கு பேருக்கு மேல்...' என்றது மற்றது.

"எக்கோ!" என்றான் ஸ்க்ரூ உடனே. "ரேடியோ இல்ல. எக்கோ. நீங்க சொன்னது திரும்பி வருது. இது அதைவிட மோசமான கோளாறு."

"இரு, இரு." அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கம் திருப்பிய இடம் வந்தது. அவள் குரல் நின்றது. காகிதம் சரசரத்தது. அந்த இடைவெளியில் அந்த முணுமுணுப்பு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது: 'தீயணைப்புக் கருவி படிக்கட்டுக்கு அருகில் எல்லோருக்கும் தெரியும்படி...'

பிறகுதான் அண்ணியின் குரல் அதே வரியைத் தொடங்கியது.

அவள் கண்ணைத் திறந்தாள். "தம்பி, நான் பக்கத்தையே இன்னும் திருப்பல. அடுத்த வரி என்னன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எந்த எக்கோ முன்கூட்டியே சொல்லும்?"

ஸ்க்ரூ சத்தத்தை இன்னும் கூட்டினான். அந்த முணுமுணுப்பு ஒரு இடத்தில் தடுமாறி, 'ம்ஹூம்' என்று தன்னையே திருத்திக்கொண்டது. சின்ன வயதில் அவனுக்குச் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றிப் போடும்போதெல்லாம் கேட்ட அதே 'ம்ஹூம்'.

இருவரும் பலகைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றான்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோது அத்தை படுத்திருக்கவில்லை. தடுப்பை ஒட்டி, அண்ணியின் அலமாரிக்கு நேர் பின்புறம், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி பாதி மூக்கில். மடியில் அண்ணி வாசித்துப் பழகிக் கோடு போட்டுக் கசக்கிப்போட்ட பழைய பிரதித் தாள்கள் எல்லாம் நேராக்கித் தைக்கப்பட்டு, ஒரு புத்தகமாக இருந்தன. பக்கத்தில் ஒரு நோட்டு.

ஐந்து மாதம் முன்புவரை அவள் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். இருபத்தாறு வருடம். சலவையை வெளியாருக்குக் கொடுத்த மறுநாள் ஒரு நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற துணியெல்லாம் தேவைக்கு மேலேயே வெளுப்பாக இருந்தது.

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் கண்ணு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டேன்" என்றாள் எழுந்துகொண்டே. "எனக்கு வாய்விட்டுச் சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

"நீங்க வாய்க்குள்ள சொன்னது மைக்குக்குள்ள போயிடுச்சு அத்தை" என்று சிரித்தாள் அண்ணி. "என்ன, பரீட்சைக்குப் படிக்கறீங்களா?"

அத்தை நோட்டை மூடினாள். "பரீட்சைன்னே வெச்சுக்கோயேன்."

"சொல்லவே இல்ல! எங்ககிட்ட மறைச்சுட்டு..."

அத்தைக்கு அது காதில் விழவில்லை. அவள் முகம் மாறியிருந்தது. "அப்ப... ரெண்டு தடவை உனக்குத் திரும்பி வந்துச்சே. அது என்னாலயா?"

அண்ணி ஸ்க்ரூவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்க்ரூ கதவோரம் நின்றிருந்தான். அவன் ஒரே ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். கம்ப்யூட்டர் தப்பித்துவிடும். அம்மா இனி முணுமுணுக்காமல் இருந்துவிட்டால் போயிற்று, கார்டு எதற்கு என்று பேச்சையே முடித்துவிடலாம். அண்ணியும் அவனை மறுத்துப் பேசப் போவதில்லை. அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லம்மா" என்றான். "என் மெஷின். அது போட்ட இரைச்சல்ல உன் குரல் அவங்களுக்குக் கேட்டே இருக்காது. எங்களுக்கே கேக்கலையே! இன்னிக்கு அந்தப் பெட்டியைச் செருகினப்புறம்தான் நீ இருக்கறதே தெரிஞ்சுது."

"நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

"உனக்காக நான் என்னிக்கு என் கடையைப் பத்திக் குறைச்சுச் சொல்லியிருக்கேன்?"

அத்தை அதை நம்பினாள். அண்ணி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, சரி. மணி ஒண்ணரை. ரெண்டரைக்குப் பெட்டி மாடிக்குப் போகணும். இருபத்தஞ்சு நிமிஷப் பாடம். கம்பி முறிஞ்சு கிடக்கு."

"நான் தெருவுல போய் நிக்கறேன்" என்று அத்தை செருப்பைத் தேடினாள். "இங்க இருந்தா உதடு சும்மா இருக்காது."

"எங்கயும் போக வேணாம்மா" என்றான் ஸ்க்ரூ. அதற்குள் அவன் கடைப் பையைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தான். நீளமான ஒரு ஹெட்போன் வயரை உருவினான். பெட்டியில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைத் தடுப்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்து வழியாக விட்டு, அம்மா காதில் மாட்டினான். "அண்ணி பேசறது நேரா காதுக்கே வரும். நீ சொல்லிக்கோ, சத்தம் மட்டும் வராம. முடியுமா?"

"மருத்துவமனையில இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவடா நான். நோயாளி தூங்கும்போது கண்ணாலயே திட்டுவோம்."

கம்பிக்கு வழியில்லை. துடைப்பக் கழியில் மூன்று கம்பளிகளையும் தொங்கவிட்டு, ஸ்க்ரூவே அதைத் தோளில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றான்.

"அசையக் கூடாது" என்றாள் அண்ணி உள்ளே உட்கார்ந்தபடி. "இருமக் கூடாது. உன் வயிறு கத்தினாலும் கேக்கும்."

"எனக்கு மூச்சு விட அனுமதி உண்டா?"

"மெதுவா."

அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

பத்தாவது நிமிடம் ஸ்க்ரூவுக்குத் தோள் வலித்தது. பதினைந்தாவது நிமிடம் மூக்கு அரித்தது. பதினெட்டாவது நிமிடம், சாத்தியிருந்த வாசல் கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு கீபோர்டு டீச்சர் வந்து நின்றாள். இவன் கழியோடு கம்பளிப் பந்தலாக நிற்பதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றி, வந்த இடத்திலேயே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

அவன் நின்ற இடத்திலிருந்து, திறந்திருந்த கதவு வழியாக அம்மாவின் அறை தெரிந்தது. அவள் காதில் ஹெட்போனோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தமில்லை. மடியில் தாள்கள் மூடியே இருந்தன. கைகள் அவற்றின்மேல் பள்ளிப் பிள்ளை மாதிரி மடிந்திருந்தன. அம்மாவை இவ்வளவு நேரம் இவ்வளவு சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"...இத்துடன் மூன்றாம் பாடம் நிறைவடைகிறது."

அண்ணி நிறுத்து பட்டனை அழுத்தினாள். ஸ்க்ரூ கம்பளிகளோடு அப்படியே தரையில் சரிந்தான்.

"கைதட்டலாமா?" என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

"இப்ப தட்டலாம்."

டீச்சர் தட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, "கடை வெச்சிருக்கவரே தூணா நிக்கறாரு. பேஷ்!" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். "தூணுக்கு டீ கூட கிடையாதா?" என்று பின்னாலிருந்து கத்தினான் ஸ்க்ரூ.

இரண்டு நாற்பதுக்குப் பாடம் போனது.

மூன்று மணி. மூன்றேகால். அண்ணி செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூ கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டான். அது டிக் டிக் என்றதும் அவள் முறைத்த முறைப்பில் மறுபடி கழற்றிவிட்டான். அத்தை டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குச் செல்போன் மணி அடித்தது. அண்ணி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆமாங்க, நான்தான்... ஆமா, இன்னிக்குத்தான்... அப்படியா?... அப்படிங்களா?" அவள் குரல் மட்டும் கடைசிவரை அறிவிப்பாளர் குரலாகவே இருந்தது. முகம் வேறாக இருந்தது. "ஒண்ணும் பெரிசா மாத்தலைங்க. தனியா ஒரு சவுண்ட் கார்டு... எங்க வீட்டு இன்ஜினியர் பாத்துச் சொன்னார். ரொம்ப நன்றிங்க."

போனை வைத்தாள்.

"துளி இரைச்சல் இல்லையாம். மீதி பதினொண்ணும் எனக்கேயாம். நாளைக்கே நாலாம் பாடத்தை ஆரம்பிக்கச் சொல்றாங்க!"

அத்தை அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஸ்க்ரூ மட்டும் மேஜைப் பக்கம் திரும்பி எதையோ துடைத்தான்.

"எங்க வீட்டு இன்ஜினியரா?" என்றான் திரும்பாமலே.

"பின்னே? சோதிச்சுச் சொன்னது நீதானே?"

"எல்லாருக்கும் தனி கார்டு வேணாம். அதை இப்பவும் சொல்லுவேன்" என்றான். "பாட்டு கேக்கறவங்களுக்கு வேணாம், படம் பாக்கறவங்களுக்கு வேணாம். உங்களுக்கு வேணும். நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி நானே வாங்கிட்டு வந்து நானே செருகறேன். அந்த டீச்சர் வந்து செருகக் கூடாது."

"உத்தரவு, இன்ஜினியர் சார்."

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தடுப்பை நோக்கிப் போனான். தட்டிப் பார்த்தான். காதை வைத்துப் பார்த்தான். "கார்டு மட்டும் போதாது அண்ணி. அது எல்லாத்தையும் கேக்கும். அம்மா புரண்டு படுத்தாக்கூட விழும். இந்தப் பலகைக்கு மேல இன்னொரு பலகை, நடுவுல பஞ்சு. ஞாயித்துக்கிழமை முடிச்சுடறேன்." அம்மாவின் அறைக்குள் போய்த் தரையில் நாடாவை நீட்டினான். "அம்மா, உன் கட்டிலை மட்டும் ஒரு அரை அடி அந்தப் பக்கம் தள்ளிக்கணும். பரவாயில்லையா?"

அத்தை அண்ணியோடு உள்ளே வந்தாள். தைத்த தாள்களை எடுத்து நோட்டுக்குள் வைத்தாள். நோட்டுக்குள் ஏற்கெனவே ஒரு நீளமான உறை இருந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மகனிடம் இல்லை, மருமகளிடம் நீட்டினாள்.

"கட்டிலைத் தள்ள வேணாம்டா, எடுத்துடுங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து எனக்கு ஒரு விடுதியில காப்பாளர் வேலை, அங்கயேதான் தங்கணும். வேலை உத்தரவு வந்து இன்னியோட பத்து நாளாச்சு."